கோடு விட்டுப்போன அம்மா

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 42 வயது. புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. வெப் டிசைன் எனக்குப் பிழைப்பு இல்லை, பைத்தியம். வீடியோ பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன்.

என் அம்மா 1953-ல் சைகோனில் பிறந்தவர். தாத்தா முத்தியால்பேட்டைக்காரர். பிரெஞ்சு சர்க்கார் வேலைக்காகப் போய், அங்கேயே ஒரு வியட்நாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். 1975-ல் சைகோன் வீழ்ந்த பிறகு எல்லோரும் இங்கே வந்துவிட்டார்கள். பாட்டி 1998-ல் காலமானார். அதுவரை அவரும் அம்மாவும் அந்த மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்குச் சாப்பாட்டுப் பெயர் நாலைந்தைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் பாட்டு மட்டும் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்து விழுந்து பிடித்துப்போய்விட்டது. இப்போதும் ஆபீசில் ஹெட்போன் போட்டு அதைத்தான் கேட்கிறேன்.

பாட்டி விட்டுப்போன 43 கேசட் இருக்கிறது. பெரும்பாலும் பாட்டி கையெழுத்தில் பெயர் எழுதியிருக்கும். ஒன்றில் மட்டும் எதுவும் எழுதவில்லை. இதையெல்லாம் டிஜிட்டலாக்கி, அம்மாவுக்காக ஒரு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறேன். ஆறு மாதமாகிறது. 11 பக்கம், தாமரை இதழ் விழுகிற அனிமேஷன், திறந்தவுடன் பாட்டு என்று திட்டம். ஆனால் வியட்நாமிய எழுத்துகள் சில இடத்தில் கட்டமாகவும் சில இடத்தில் வேறு தடிமனாகவும் வருகின்றன. பாரிஸ் மாமா சீடியில் அனுப்பிய பாடல் வரிகள் முழுக்கக் குப்பையாகத் தெரிகின்றன. பாட்டும் தானாக ஓட மாட்டேன் என்கிறது. முகப்பில் 'மா' என்று பெரிதாகத் தலைப்பு வைத்தேன், அம்மா பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார். எழுத்தின் மேலிருந்த குறி கட்டமாக வந்ததால் எடுத்துவிட்டேன். அம்மாவிடம் ஒரு தடவை காட்டினேன். தலைப்பைப் பார்த்ததும் சிரித்தார். ஏன் என்று சொல்லவில்லை.

இதை எல்லோரும் கேட்கிற மாதிரி இணையத்தில் போடலாமா? மொழி தெரியாமல் பாட்டுகளை எப்படி வகை பிரிப்பது? இன்னொன்று. இரவு 10 மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் ஒரு மணியாகிவிடுகிறது. மனைவி, "உங்க அம்மாவுக்காகப் பண்றேன்னு சொல்றீங்க. அவங்ககூட உட்கார்ந்து பேசி எத்தனை நாளாச்சு?" என்கிறாள். மகளுக்கு ஒன்பது வயது, அவள் வீட்டுப்பாடமும் மனைவி தலையில்தான். என்ன செய்யலாம்?

- புதுச்சேரி வாசகர்

பதில்:

தம்பி, அம்மா ஏன் சிரித்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். சைகோன் பக்கத்தில் அம்மாவை 'மா' என்று கூப்பிடும்போது ஆங்கில ஏ (a) எழுத்தின் மேல் வலப்பக்கம் ஏறும் ஒரு சாய்கோடு இருக்கும். குரலும் மேலே ஏறும். அந்தக் கோட்டை எடுத்துவிட்டு வெறும் 'மா' என்று எழுதினால் அதற்குப் பேய் என்று பொருள். கோட்டை இடப்பக்கம் சாய்த்தால் 'ஆனால்'. கீழே ஒரு புள்ளி வைத்தால் நாற்று. மேலே கொக்கி போட்டால் கல்லறை. நீங்கள் முகப்பில் பெரிதாக 'பேய்' என்று எழுதி, அதற்கடியில் தாமரை இதழ் தூவியிருக்கிறீர்கள். சிரிக்காமல் என்ன செய்வார்?

இதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது சொந்த அடியில்தான். 2014-ல் ஒரு முந்திரி வியாபாரிக்காக ஆங்கிலத்திலும் வியட்நாமிய மொழியிலும் ஒரு தளம் செய்தேன். தலைப்புகளை எல்லாம் பெரிய எழுத்தாக மாற்றி, வரிகளை நெருக்கி, பார்க்க அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுத்துகளின் தலையில் இருந்த குறிகள் மேல்வரிக்குள் புகுந்து பாதி வெட்டுப்பட்டிருந்தன. வியட்நாமிலிருந்து வந்த பதில் ஒரே வரி: "இதைப் படிக்க முடியவில்லை." அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

உங்கள் பிரச்சினையின் வேர் இது. வியட்நாமிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை 17-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியப் பாதிரிமார்கள் தொடங்கினார்கள். அலெக்சாந்தர் த ரோட் என்ற பாதிரியாரின் அகராதி 1651-ல் ரோமில் அச்சானது. அந்த நெடுங்கணக்கில் 29 எழுத்து. அதில் உயிர் மட்டும் 12. ஒவ்வோர் உயிரின் மேலோ கீழோ, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஐந்து வகைத் தொனிக்குறியில் ஒன்று ஏறலாம். அதாவது ஆங்கில ஈ (e) எழுத்தின் தலையில் ஏற்கெனவே ஒரு கூரை இருக்கும், கூரைக்கு மேல் ஒரு சாய்கோடும் வந்து உட்காரும். எல்லாவற்றையும் கூட்டினால் சாதாரண ஆங்கில எழுத்துகளுக்கு அப்பால் சிறிய எழுத்தில் 67, பெரிய எழுத்தில் 67, ஆக 134 உருவங்கள் வேண்டும். பழைய கணினி எழுத்து அட்டவணையில் ஆங்கிலம் போக மீதியிருந்தது 128 இடம். ஆறு பேருக்கு உட்கார நாற்காலி இல்லை.

அதனால் ஆளுக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஒரு முறையில் பெரிய எழுத்துக்கென்றே தனி ஃபான்ட். இன்னொன்றில் உயிரெழுத்தை முதலில் போட்டு, குறியைத் தனி எழுத்தாக அதன் பின்னால் ஒட்டினார்கள். நாம் தமிழில் பாமினி, டேப், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துமுறையோடு அவதிப்பட்டோமே, அதே கூத்துதான். ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவர் கணினியில் பாம்பும் பல்லியுமாகத் தெரியும். உங்கள் பாரிஸ் மாமாவின் சீடி அந்தக் காலத்துச் சரக்கு. கோப்பைத் திறந்து பாருங்கள். உயிரெழுத்து பலவற்றுக்குப் பின்னால் சாய்கோடோ இரட்டைப் புள்ளியோ கூரையோ தாங்கிய இன்னோர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது விஎன்ஐ முறை. விண்டோஸில் 'யுனிகீ' என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். வியட்நாமில் தட்டச்சு செய்கிற யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். தட்டச்சு தவிர, பழைய முறைகளிலிருந்து, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும் கருவியும் அதற்குள்ளேயே இருக்கிறது. வரிகளை நகலெடுத்து, மூலம் விஎன்ஐ, இலக்கு யூனிகோட் என்று தேர்ந்தெடுத்தால் சில நொடியில் சரியாகிவிடும். ஆறு மாதமாக அதைக் கையால் திருத்திக்கொண்டிருந்தீர்களா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தடிமன் மாறுவதற்குக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த அலங்கார ஃபான்ட். அதில் வியட்நாமிய எழுத்துகள் முழுதாக இல்லை. இல்லாத எழுத்தை மட்டும் பிரவுசர் வேறு ஃபான்டிலிருந்து கடன் வாங்கிப் போடுகிறது. கல்யாணப் பந்தியில் நடுவில் இரண்டு பேருக்கு மட்டும் வேறு கடை இலை போட்ட மாதிரி. கூகுள் ஃபான்ட்ஸில் மொழி வடிகட்டியில் வியட்நாமிய மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குப் பிறகு ஃபான்ட் தேடுங்கள். 'பி வியட்நாம் புரோ' என்று அந்த நாட்டு வடிவமைப்பாளர்களே செய்த ஒன்று இருக்கிறது, குறிகள் எல்லாம் உட்காரவேண்டிய இடத்தில் உட்காரும். வரி உயரத்தை 1.6-க்குக் கீழே இறக்காதீர்கள். தமிழுக்கும் அதே அளவு பொருந்தும், நம் கொம்பும் சுழியும் இடம் கேட்கும் எழுத்துகள்தானே. தலைப்புகளைப் பெரிய எழுத்தாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். வியட்நாமிய வரி வரும் இடங்களில் அது வியட்நாமிய மொழி என்று எச்டிஎம்எல்லில் குறித்துவிடுங்கள். கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

பாட்டுக் கோப்புகளுக்கு மட்டும் வியட்நாமியப் பெயர் வைக்காதீர்கள். 01, 02 என்று வெறும் எண் போதும். குறியோடு சேர்ந்த எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒட்டிய ஒற்றை எழுத்தாகவும், எழுத்து தனி குறி தனியாகவும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்து எழுதும் வழக்கம் உள்ளவை. அங்கிருந்து வந்த கோப்பை நீங்கள் ஒட்டிய எழுத்தில் கூப்பிட்டால் "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று சொல்லிவிடும். ஒருமுறை இதற்காக ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு இருக்கும் இரவுகளே அதிகம்.

திறந்தவுடன் பாட்டு ஓடாததற்கு நீங்கள் காரணமில்லை. 2018 முதல் குரோம், பயனர் பக்கத்தை ஒரு தடவையாவது தொடாமல் ஒலியைத் தானாக ஓட விடுவதில்லை. மற்ற பிரவுசர்களும் அநேகமாக அப்படித்தான். 2000-களில் வீட்டுக்கு வீடு தனிப்பக்கம் செய்த காலத்தில் திறந்தவுடன் கீபோர்டு இசை அலறும், ஆபீசில் ஸ்பீக்கரைத் தேடி ஓடுவோம். அந்தக் காலத்துக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

தாமரை இதழும் வேண்டாம். 2009-ல் என் மாமனாருக்காகக் குலதெய்வக் கோயில் திருவிழா நாட்களை எல்லாம் போட்டு ஃபிளாஷ் என்ற அந்தக் கால அனிமேஷன் மென்பொருளில் ஒரு பக்கம் செய்தேன். மணி ஆடும், விளக்கு எரியும். அவர் அதை ஒரே தடவை பார்த்துவிட்டு, "இதை ஒரு தாள்ல எடுத்துக் குடும்மா" என்றார். 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள், இப்போது அந்தப் பக்கம் எந்தப் பிரவுசரிலும் திறக்காது. தாள் மட்டும் பூஜை அறைக் கதவின் பின்னால் இருக்கிறது.

அன்றைக்கு நான் அவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்கவே இல்லை. தொழிலில் முதல் நாள் வாடிக்கையாளரிடம் கேட்கிற கேள்வி அது. காசு கொடுக்கிற அந்நியரிடம் ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொள்கிறோம், வீட்டு மனிதரிடம் கேட்பதில்லை, நமக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பு. உங்கள் கடிதத்தில் 11 பக்கத்தின் விவரம் இருக்கிறது, தாமரை இதழ் இருக்கிறது. அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா, மௌஸ் பிடிக்க வருமா என்பதும் இல்லை. உங்கள் மனைவி கேட்டதை நான் தொழில்மொழியில் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான். அவர் கேட்டது சரி.

இங்கேதான் உங்கள் வகை பிரிக்கும் கேள்வியும் வருகிறது. மொழி தெரியாமல் ஓரளவுக்கு மேல் பிரிக்க முடியாது. ஆனால் காது கொஞ்சம் உதவும்.

பாட்டு தாளமே இல்லாமல், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நீண்டு இழுத்து, சட்டென்று ஒரு சுரத்தில் வந்து இறங்கும். இறங்கிய இடத்தில் கூட்டம் கைதட்டும். அப்புறம்தான் தாளம் சேரும். அப்படி இருந்தால் அது 'வொங் கோ'. நம் நாடக மேடையில் விருத்தம் பாடி இழுத்துப் பாட்டில் கொண்டுவந்து சேர்க்கும்போது சபை ஆர்ப்பரிக்குமே, அந்தச் சுகம். மீகாங் டெல்டாவில் பாக் லியூ ஊரைச் சேர்ந்த காவ் வான் லாவ் என்பவர் 1919-ஐ ஒட்டி அமைத்த ஒரு பாட்டிலிருந்து வளர்ந்தது இந்த வடிவம். பிரிந்துபோன கணவனை நினைத்து இரவில் முரசொலி கேட்கும் மனைவியின் பாட்டு அது. முதலில் வரிக்கு இரண்டு தட்டாக இருந்ததை நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று பாடகர்கள் நீட்டிக்கொண்டே போனார்கள். 'காய் லுவோங்' என்ற தென்வியட்நாமிய இசை நாடகத்துக்கு இதுவே உயிர். பின்னணியில் ஒரு கிட்டார் கேட்கும். ஆனால் கிட்டார் போலவே இருக்காது, வீணை போலக் குழையும். அந்த ஊர்க் கலைஞர்கள் கிட்டாரின் ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, தந்தியை உள்ளே அழுத்தி கமகம் எழுப்புகிறார்கள். நம் ஆட்கள் வயலினைத் தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்ட மாதிரி, அவர்கள் கிட்டாரைக் குடைந்து வாங்கிக்கொண்டார்கள். உங்கள் கேசட்டில் பாதி இதுவாக இருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன், பாட்டி தெற்குப் பெண் அல்லவா.

மெதுவான தாளத்தில், குரல் நடுங்க, யாரோ யாரையோ ரயிலடியில் விட்டு வருவது போல இருந்தால் அது பொலேரோ. 1950-களிலும் 60-களிலும் சைகோனில் கொடிகட்டிப் பறந்தது. போர் முடிந்ததும் புதிய அரசு இந்தப் பாட்டுகளைத் தடுத்தது. 'மஞ்சள் இசை' என்று பெயர். மஞ்சள் பத்திரிகை என்று நாம் சொல்வது போல இகழ்ச்சியாகத்தான் வைத்தார்கள். ஆனால் அவர்கள் மொழியில் மஞ்சளுக்கும் பொன்னுக்கும் ஒரே சொல். ரசிகர்கள் பொன் என்று வைத்துக்கொண்டார்கள். நாட்டை விட்டுப் போனவர்கள் பாரிஸிலும் கலிஃபோர்னியாவிலும் இதையே மறுபடி பாடிக் கேசட்டாக்கினார்கள். உங்கள் பாட்டிக்கு 80-களில் பிரான்ஸிலிருந்து வந்த கேசட்டுகள் இருந்தால் அவை பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான்.

ஒரே ஒரு கிட்டார், அதிக அலங்காரமில்லாத கரகரத்த பெண்குரல், கவிதை வாசிப்பது போன்ற வரிகள் என்றால் த்ரின் கோங் சோன் எழுதி கான் லி பாடியதாக இருக்கலாம். சோன் 2001-ல் இறந்தார், போருக்கு எதிராக எழுதியதால் இரண்டு பக்கத்து அதிகாரங்களும் அவரை முறைத்தன. 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். இதற்குமேல் சொல்ல ஒருவரால்தான் முடியும். அவர் உங்கள் வீட்டிலேயே பக்கத்து அறையில் படுத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மொழியில் சொல்லின் தொனியும் மெட்டும் சேர்ந்து போகவேண்டும். ஏறவேண்டிய சொல்லை இறக்கிப் பாடினால் அம்மா பேயாகிவிடுவாள். அதனால் உங்கள் அம்மா அந்தப் பாட்டில் கேட்பதும் நீங்கள் கேட்பதும் ஒன்றாக இருக்காது. உங்களுக்கு அது ராகம். அவருக்கு அது யாரோ பேசுவது, அதுவும் பாட்டி போனதற்குப் பிறகு அவரிடம் யாரும் பேசாத மொழியில்.

இணையத்தில் எல்லோருக்கும் போடலாமா என்றால், கூடாது. நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த அளவு தொழிலுக்குத் தேவை. இந்தியச் சட்டப்படி பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்குத் தனியாக, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. வியட்நாம் 2004-ல் பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, நாம் எப்போதோ சேர்ந்துவிட்டோம், ஆகவே அவர்கள் ஊர்ப் பாட்டு என்று தப்பிக்க முடியாது. சோன், 2013-ல் இறந்த ஃபாம் யுய் போன்றவர்களின் பாட்டுகள் இன்னும் பல காலம் உரிமைக்குள்தான் இருக்கும். வீட்டுக்குள் சொந்தமாகக் கேட்பதற்குச் சட்டம் இடம் விடுகிறது, உலகத்துக்குப் பந்தி வைக்க விடுவதில்லை. உங்களுக்கும் இது நல்லதுதான். டொமைன் வேண்டாம், ஹோஸ்டிங் வேண்டாம், வருடா வருடம் பணம் கட்ட மறந்து எல்லாம் காணாமல் போகும் பயமும் வேண்டாம். ஹாலில் ஒரு பழைய லேப்டாப். அதில் ஒரு ஃபோல்டர். அதற்குள் பாட்டுகள், படங்கள், ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. பிரவுசரில் திறந்தால் ஓடும். இணையமே தேவையில்லை, அதனால் ஃபான்டையும் இறக்கி அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். செல்போனில் இப்படி ஃபோல்டரிலிருந்து ஓட்டுவது சரிப்படாது, அதில் நேரத்தை விடாதீர்கள். ஃபோல்டரின் நகல் ஒன்று பென்டிரைவில், இன்னொன்று உங்கள் ஆபீஸ் மேசை டிராயரில்.

அந்த ஒரே பக்கத்தில் என்ன இருக்கவேண்டும்? 43 புகைப்படம். கேசட் உறையின் முதுகை, பாட்டியின் கையெழுத்து தெரிகிற மாதிரி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அதுதான் மெனு. வகை, அகரவரிசை, தேடல் பெட்டி எதுவும் வேண்டாம். அம்மா 50 வருடமாக அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பாட்டைத் தேடியிருக்கிறார். படத்தைத் தொட்டால் பாட்டு, மறுபடி தொட்டால் நிற்கும். பட்டன் 44 பிக்சலுக்குக் குறையக்கூடாது என்பது பொதுவான அளவு, நீங்கள் படத்தையே பட்டனாக்கிவிட்டால் அந்தக் கவலையும் போச்சு. எழுத்து 22 பிக்சல். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து என்று நம்மைப் போன்றவர்கள் செய்கிற ஸ்டைல் எல்லாம் 70 தாண்டிய கண்ணுக்கு ஆகாது, கறுப்பாகவே இருக்கட்டும்.

முடித்ததும் அம்மாவை லேப்டாப் முன் உட்காரவைத்து, "நேற்று கேட்ட பாட்டைப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நில்லுங்கள். "அங்க இல்லம்மா, இங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை கெட்டது. அவர் தேடித் தடுமாறுகிற இடம் எதுவோ, அதை அன்றே மாற்றுங்கள். 20 வருடமாக இதைவிட நல்ல முறை எனக்குக் கிடைக்கவில்லை.

இரவு வேலையை நிறுத்துங்கள். பாதியாகக் குறைக்கிறேன் என்று மனைவியிடம் பேரம் பேசாதீர்கள். இந்த வேலைக்கு வேண்டியவர்கள் 10 மணிக்குத் தூங்கிவிடுகிறார்கள், நீங்கள் மட்டும் விழித்திருந்து என்ன பயன்? ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஹாலில் உட்காருங்கள். அம்மா ஒரு கேசட்டைக் கேட்டு யார், என்ன, எப்போது வாங்கியது என்று சொல்லட்டும், உங்கள் செல்போனில் பதிவாகட்டும். பாட்டோடு அந்தப் பேச்சையும் பக்கத்தில் சேருங்கள். மகளுக்கு யுனிகீயில் டெலெக்ஸ் முறையைச் சொல்லிக்கொடுங்கள், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேர வேலை. எம், ஏ, எஸ் என்று மூன்று விசை தட்டினால் ஏ எழுத்தின் மேல் சாய்கோடு வந்து அம்மா வந்துவிடுவார். முகப்புத் தலைப்பை அவளே திருத்தட்டும்.

மனைவிக்கு இதில் ஒரு வேலையும் கொடுக்காதீர்கள். "நீயும் வந்து உட்காரேன்" என்று கூப்பிட்டு, ஃபோட்டோ எடுக்கச் சொல்லி, டீ போடச் சொல்லி முடிப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த ஞாயிறு மாலை நேரம் அவருடையது. கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாலும் சரி. வீட்டுப்பாடத்தை வாரத்தில் மூன்று நாள் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு உங்கள் தொழில்தானே.

கேசட்டை மாற்றுவது பற்றி. நல்ல கேசட் டெக் ஒன்றைக் கடன் வாங்குங்கள், மலிவான யுஎஸ்பி பிளேயரில் வேகம் ஆடும். வேகம் ஆடினால் சுருதி ஆடும், தொனிமொழிக்கு அது எவ்வளவு கெடுதல் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நாடா உரசும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கேசட்டையும் ஒருமுறை கடைசிவரை சுற்றித் திருப்பிய பிறகு ஓடவிடுங்கள். பல வருடம் சுற்றாமல் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கடற்கரை ஊர் வேறு, வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைத் தனியாக வையுங்கள், நல்ல டெக்கில் போடாதீர்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள், நிமிடத்துக்கு 10 எம்பி ஆகும். பக்கத்தில் போட எம்பி3 ஆக்கினால் 128 கேபிபிஎஸ்ஸில் நிமிடத்துக்கு ஒரு எம்பிதான். மூல வேவை அழித்துவிடாதீர்கள்.

எதை முதலில் எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பெயர் எழுதாத கேசட்டை எடுங்கள். கடையில் வாங்கிய பாட்டு உலகத்தில் வேறு எங்காவது யாரிடமாவது இருக்கும். பெயர் எழுதாத கேசட் பல வீடுகளில் வீட்டிலேயே பதிந்ததாக இருக்கும், அதற்கு வேறு நகல் கிடையாது. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க இன்றைக்கு இரவே தனியாகப் போட்டுக் கேட்டுவிடாதீர்கள். ஞாயிறு வரை பொறுங்கள், அம்மா பக்கத்தில் இருக்கட்டும். டெக்கில் நுழைப்பதற்கு முன்னால் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கையும் பேனா முனையால் உடைத்துவிடுங்கள். அப்புறம் யார் கை தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் அதன்மேல் எதுவும் பதியாது.